அழைப்பு அறுந்த இடம்

மாவட்ட நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு அருளப்பன் மங்கையர்க்கரசியிடம் மாணவராகச் சேர்ந்தார். மங்கையர்க்கரசிக்கு அவருடைய மகள் வயதுதான். கோயம்புத்தூரில், தொழிலில் சண்டை போட்டுக்கொண்ட கூட்டாளிகளை உட்கார வைத்துச் சமரசம் பேசுவது மங்கையின் வேலை.

“தீர்ப்புச் சொல்லிப் பழகிட்டேன். பேச வைக்கத் தெரியாது. கத்துக்கணும்” என்று வந்து நின்றார் அருளப்பன்.

முதல் நாள் விளையாட்டாகத்தான் “குருவே” என்று கூப்பிட்டார். போகப் போக அதில் விளையாட்டு இல்லாமல் போயிற்று. மங்கை மட்டும் அவரை எப்போதும் “சார்” என்றே அழைத்தார்.

அந்த மழைக்காலத்தில் ஒரு வழக்கு வந்தது. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. மலையிலேயே இருந்து அதை நடத்துபவர் போஜன். கோவையில் இருந்து தேயிலைத் தூளை விற்பவர் சிக்கந்தர். இருவரும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது பேச்சு நின்றுபோயிருந்தது. தொழிற்சாலையை மூடிவிட்டு இடத்தை விற்றுவிட வேண்டும் என்றார் சிக்கந்தர். மூடினால் சுற்றியிருக்கிற சிறு விவசாயிகள் பறித்த இலையை எங்கே கொண்டுபோவார்கள் என்றார் போஜன். ஒரே அறையில் உட்கார இருவருக்கும் மனமில்லை. மலைப்பாதையில் மண் வேறு சரிந்து கிடந்தது. காணொளியில் பேசலாம் என்று சம்மதித்தார்கள்.

“இந்த மாதிரிக் கூட்டத்துக்கு எந்த மென்பொருள் சிறந்தது, குருவே?”

“நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுங்க, சார்.”

அருளப்பன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. மனைவி மெர்சியை மாடியில் உட்கார வைத்தார். கீழே தான் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு மென்பொருளாகப் பேசிப் பார்த்தார். ஒன்றில் குரல் நன்றாக வந்தது, படம் மங்கியது. இன்னொன்றில் உள்ளே நுழைவதற்குள் பொறுமை போயிற்று. கடைசியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மங்கையிடம் வந்தார்.

“இதுதான். படம் கண்ணாடி மாதிரி இருக்கு. மெர்சி தலையில ஒட்டியிருந்த நூல்கூடத் தெரிஞ்சுது. பின்னால வீடு தெரியாம மறைச்சுக்கலாம். நாம பேசப் பேச அதுவே எழுதிக்கிட்டு வருது.”

“எழுதறது வேண்டாம். எழுதறாங்கன்னு தெரிஞ்சா மனுஷன் வாயைத் திறக்க மாட்டான்.”

“நிறுத்திடறேன்.”

“எங்க வெச்சுப் பார்த்தீங்க?”

“வீட்டுலதான். மாடிக்கும் கீழ் ரூமுக்கும்.”

மங்கை தலையசைத்தார். “நல்லா உழைச்சிருக்கீங்க. இதையே வைப்போம்.”

மங்கையும் அருளப்பனும் ஒரே கணினி முன் உட்கார, கூட்டம் தொடங்கியது. சிக்கந்தர் முகம் திரையில் தெளிவாக இருந்தது. போஜன் முகமும் வந்தது. பின்னால் தொழிற்சாலை ஜன்னல், ஜன்னலில் மழை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மங்கையைப் பார்த்தே பேசினார்கள்.

“வர்ற இலையெல்லாம் வாங்கிக்கறார் மேடம்” என்றார் சிக்கந்தர். “முத்தின இலை, கரட்டு இலை, எல்லாம். தூள் மட்டமா இருக்குன்னு கடைக்காரன் திருப்பி அனுப்பறான். நான் கத்திக் கத்திப் பார்த்தாச்சு. இனிமே எனக்குத் தெம்பில்லை.”

போஜன் பின்னாலிருந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “அவர் சொல்றது சரிதான்” என்றார். “ஆனா…”

படம் உறைந்தது. வாய் திறந்தபடி போஜன் முகம் அப்படியே நின்றது. பிறகு அதுவும் போய்ப் பெயர் மட்டும் இருந்தது. பிறகு பெயரும் இல்லை.

“பாத்தீங்களா?” என்றார் சிக்கந்தர். “எப்பவும் இப்படித்தான். கஷ்டமான பேச்சு வந்தா போயிடுவார். பரவாயில்லை, என் பக்கத்தை முழுசாச் சொல்லிடறேன்.”

“அவர் வரட்டும்.”

“எப்ப வருவாரோ?”

“தெரியலை. இருப்போம்.”

அருளப்பன் மைக்கை அணைத்துவிட்டு மங்கை பக்கம் சாய்ந்தார். வராத கட்சிக்காரரை விட்டுவிட்டு வழக்கை நடத்தி எத்தனையோ முறை உத்தரவு போட்டவர் அவர்.

“நாம தொடரலாமே. என்ன பேசினோம்னு நானே அவருக்குச் சொல்லிடறேன்.”

மங்கை வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“இவர் கோவிச்சுக்கிட்டு எழுந்து போயிட்டா?”

“போகலாம். அது அவர் இஷ்டம், சார்.”

மங்கை கைப்பேசியைப் புரட்டவில்லை. திரையில் போஜன் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தில் அவசரமே இல்லை. நீதிமன்றத்தில் இத்தனை வருடத்தில் இப்படி ஒரு காத்திருப்பை அருளப்பன் பார்த்ததில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய காலாட்டமும் நின்றது.

சிக்கந்தர் எழுந்தார். போய்விடுவார் என்றுதான் அருளப்பன் நினைத்தார். சிக்கந்தர் ஒரு தம்ளரில் டீயோடு திரும்பி வந்து உட்கார்ந்தார். ஊதி ஊதிக் குடித்தார்.

மங்கையின் கைப்பேசி அடித்தது. அதை ஒலிபெருக்கியில் போட்டுக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தார்; அருளப்பன் மைக்கைத் திறந்துவிட்டார். குடையில் மழை விழும் சத்தம் முதலில் கேட்டது. பிறகு மூச்சு வாங்குகிற சத்தம்.

“மேடம், போஜன். மேல் ரோட்டு வளைவுக்கு ஏறி வந்துட்டேன். இங்கதான் சிக்னல் எடுக்கும். மன்னிச்சுக்கங்க. எது வரைக்கும் பேசி முடிச்சீங்க?”

மங்கை வாய் திறப்பதற்குள் சிக்கந்தர் பேசிவிட்டார்.

“நீ ‘ஆனா’ன்னு சொன்னப்ப அறுந்துச்சு போஜா. அங்கயேதான் நிக்கறோம்.”

அந்தப் பக்கம் குடையை மாற்றிப் பிடிக்கிற சத்தம் கேட்டது.

“இவ்வளவு நேரமுமா?”

“ஆமா. சொல்லு. ஆனா?”

“ஆனா…” என்று தொடங்கினார் போஜன். “இலையைத் திருப்பி அனுப்பினா கொண்டுவந்தவங்க முகத்தை நான்தான் பார்க்கணும், பாய். நீ கீழ இருக்கே. தனியா நின்னு என்னால முடியலை.”

சிக்கந்தர் தம்ளரைக் கீழே வைத்தார்.

“இதை ஏன்டா முன்னாடியே சொல்லலை?”

அதற்குப் பிறகு மங்கைக்கு அதிகம் வேலை இருக்கவில்லை. இந்தப் பருவம் முடியும்வரை விற்கிற பேச்சு வேண்டாம் என்று முடிவாயிற்று. பாதை திறந்ததும் சிக்கந்தர் மலைக்கு வந்து இலை வாங்குமிடத்தில் கூட நிற்பதாகச் சொன்னார். அதற்கு முன்னால் இன்னொரு முறை இதேபோல் பேசிக்கொள்வது என்று பிரிந்தார்கள்.

கணினியை மூடிவிட்டு அருளப்பன் நாற்காலியை மங்கை பக்கம் திருப்பினார்.

“எப்படி குருவே?”

“நான் ஒண்ணும் பண்ணலை. அங்கயேதான் நிக்கறோம்னு சொன்னாரே, அந்த வார்த்தை எனக்கு வந்திருக்காது.”

“நான் தேர்ந்தெடுத்தது சரியில்லை. அடுத்த கூட்டத்துக்கு எது நல்ல மென்பொருள்னு சொல்லுங்க.”

“போஜனைக் கேளுங்க.”

“அவருக்கு மென்பொருளைப் பத்தி என்ன தெரியும்?”

“அந்த மலை சிக்னல்ல எது எப்ப அறுந்துபோகும்னு தெரியும், சார்.”