மந்திரி சொன்ன உண்மையும் தளவாயின் கைச்சீட்டும்

அந்தக் காலத்திலே, மலைக்குக் கிழக்கே செங்குள நாடு என்று ஒரு நாடு. அதை ஆண்ட உக்கிரமாற ராஜாவிடம் நல்ல குணம் எல்லாம் இருந்தது. எது எப்போது வெளியே வரும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. காலையில் பட்டத்து யானைக்கு முத்துமாலை போடுவார். சாயங்காலம் அது தன்னை முறைத்தது என்று கழற்றிவிடுவார்.

அவருக்குச் சீட்டாட்டத்தில் பித்துப் பிடித்தது. ஆட்டம் சுலபம். கட்டில் வேல், மயில், மீன், தாமரை என்று நாலு இனம், ஒவ்வொன்றிலும் ராஜாவும் மந்திரியும்தான் பெரிய சீட்டு. ஆளுக்கு இரண்டு சீட்டு. பார்த்துவிட்டு வரிசையாக ஒவ்வொருவரும் "வைத்தேன்" அல்லது "விட்டேன்" என்று சொல்ல வேண்டும். பிறகு நடுவில் மூன்று சீட்டை விரிப்பார்கள். கைச்சீட்டும் நடுச்சீட்டும் சேர்ந்து ஒரே இனத்தில் மூன்றாவது அடுத்தடுத்து வரிசை கட்டினால் அவன் ஜெயித்தான். யாருக்கும் கட்டாவிட்டால் பெரிய சீட்டு வைத்திருப்பவன் ஜெயித்தான். பந்தயம் காசில்லை, ராஜா விருதாகக் கொடுத்த குடை, சாமரம், பல்லக்கு.

ராஜாவுக்கு "விட்டேன்" என்ற சொல்லே பிடிக்காது. அதைக் கேட்டால் முகம் சுருங்கும். அதனால் சபையில் எல்லோரும், கையில் குப்பை இருந்தாலும், "வைத்தேன்" என்று குடையை நீட்டினார்கள். மந்திரி ஆவுடையப்பர் ஒருவர்தான் கூசாமல் "விட்டேன்" என்பவர். கோபத்தில் ராஜா அவரை வாசற்படி ஓரம், எல்லோரும் சொன்ன பிறகு சொல்லும் கடைசி இடத்துக்குத் தள்ளிவிட்டார்.

அதுவே மந்திரிக்கு வசதியாகிவிட்டது. பத்து ஆட்டத்தில் ஏழெட்டை விடுவார், மிச்சத்தில் ஜெயிப்பார். ஜெயித்த குடைகளை மறுநாள் காலையில் அவரவர் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்.

தளவாய் வீரகேசரிக்குத் தோற்றதைவிட, குடை திரும்பி வந்ததுதான் பொறுக்கவில்லை. இரவெல்லாம் புரண்டு படுத்து யோசித்தார். கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்: எல்லாம் அந்த இடத்தின் மகிமை. நேரே ராஜாவிடம் போய் அந்த இடத்தைத் தனக்குக் கேட்டார்.

அந்த வருஷம் மழை குறைவு. பெரிய ஏரித் தண்ணீரை முதலில் எங்கே விடுவது என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. தளவாய் தன் வெற்றிலைத் தோட்டத்துக்குக் கேட்டார். மந்திரி, கடைமடை ஊர்களில் நாற்று காய்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். விசாரிக்கச் சோம்பல்பட்ட ராஜா, நாளைய ஆட்டத்தில் யார் அதிக விருது ஜெயிக்கிறாரோ அவர் சொல்லும் இடத்துக்கே தண்ணீர் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். வாசற்படி இடம் தளவாய்க்கு. மந்திரி முதல் இடத்துக்கு.

மறுநாள் மதியம் சபை கூடியது. தளவாய் புதுப் பட்டாடை கட்டிக்கொண்டு வாசற்படி ஓரம் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஒரு சந்தேகம்: இடம் மட்டும் போதுமா, மந்திரம் ஏதாவது உண்டா? ராஜா முன்னாலேயே மந்திரியைக் கேட்டார்.

ஆவுடையப்பர் ஒளிக்கவில்லை. "தளவாய் அவர்களே, இங்கே எல்லோரும் எல்லா ஆட்டத்திலும் குதிக்கிறார்கள். இத்தனை பேர் குதித்தால், ஒற்றை ஒற்றையாகப் பெரிய சீட்டு வைத்திருப்பது பயன்படாது. யாராவது ஒருவருக்கு வரிசை கட்டிவிடும். அதனால் இனம் மாறின ராஜாவும் மந்திரியும் வந்தால் விட்டுவிடுங்கள். ஒரே இனத்தில் அடுத்தடுத்த சீட்டு வந்தால், ஐந்தும் ஆறும் ஆனாலும் வைத்திருங்கள். எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுச் சொல்ல முடிகிறதே, அதுதான் அந்த இடத்தின் லாபம்."

தளவாய் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். தண்ணீரைக் கேட்கிற மனிதன் எதிராளிக்கு வழி சொல்லித் தருவானா? இவர் எதைச் சொல்கிறாரோ அதற்கு நேர்மாறாக ஆடுவது என்று முடிவுகட்டினார்.

ராஜாவுக்கோ புது விளையாட்டுப் பொருள் கிடைத்த சந்தோஷம். இன்றைக்குத் தளவாய்க்கும் பிறகு, கடைசிக்கும் கடைசியாகத் தான் சொல்லப்போவதாக அறிவித்தார். ராஜாவிடம் யார் வாதாடுவது?

ஆட்டம் தொடங்கியது. தளவாய்க்கு வேல் ராஜாவும் மயில் மந்திரியும் வந்தன. நெஞ்சை நிமிர்த்தி "வைத்தேன்" என்றார். எதிரே புரோகிதருக்கு மூன்று மயில் வரிசை கட்டியது. குடை போயிற்று. அடுத்து மீனில் ஐந்தும் ஆறும் வந்தன. கண்ணி இதுதான் என்று தளவாய் அவற்றை வீசி எறிந்தார். நடுவில் மீன் நாலு, மீன் ஏழு, மீன் எட்டு விழுந்தன. அவருக்கு மந்திரி சீட்டுக்கட்டையே வசியம் செய்துவிட்டார் என்று தோன்றியதே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை. சாமரம் போயிற்று. பல்லக்கும் போயிற்று.

மந்திரி முதல் இடத்தில் "விட்டேன், விட்டேன்" என்று தாம்பூலம் மென்றுகொண்டிருந்தார். ஒரு ஆட்டத்தில் ராஜா தன் கையைப் பார்த்து, சபையைப் பார்த்து, வாழ்நாளில் முதல்முறையாக "விட்டேன்" என்றார். விசிறி போடுகிறவன் கை அப்படியே நின்றுவிட்டது. அடுத்த ஆட்டத்தில் தாமரை மூன்றையும் நாலையும் வைத்துக்கொண்டு ராஜா ஒரே வாரலில் ஆறு குடையை அள்ளினார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ராஜாவிடம்தான் விருதுகள் மலையாகக் குவிந்திருந்தன. தளவாய் எழுந்து, மந்திரி தன்னை ஏமாற்றிவிட்டதாக முறையிட்டார். என்ன சொல்லி ஏமாற்றினார் என்று ராஜா கேட்க, தளவாய் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார்.

"நான் அப்படித்தானே ஆடினேன்?" என்றார் ராஜா.

தளவாய் மெல்லத் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

ராஜா மந்திரி பக்கம் திரும்பி, தளவாய் நம்பமாட்டார் என்று தெரிந்தேதான் சொன்னீரா என்று கேட்டார்.

"பொய் சொல்லியிருந்தால் அதற்கு நேர்மாறாக ஆடி ஜெயித்திருப்பார், மகாராஜா. வேறு வழியில்லாமல்தான் உண்மையைச் சொன்னேன்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தன்னை முதல்முறையாக நிஜமாக ஜெயிக்கவைத்தவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். மந்திரி கடைமடைக்குத் தண்ணீர் கேட்டார். கிடைத்தது. வழியில் யாரும் மடையை மறிக்காமல் பார்த்துக்கொண்டு, தண்ணீரோடு கூடவே கடைசி வயல்வரை நடந்துபோகும் வேலை தளவாய்க்குக் கிடைத்தது.

விடிந்ததும் மதகைத் திறந்தார்கள். வாய்க்காலின் இடது கரை கெட்டியானது, வலது கரையெல்லாம் எலி வளை, சேறு என்று மந்திரி கரிசனமாகச் சொல்லியனுப்பினார்.

தளவாய் வெகுநேரம் யோசித்தார். பிறகு வலது கரையில் இறங்கி நடந்தார். தண்ணீர் கடைமடைக்கு உச்சிப்பொழுதில் போய்ச் சேர்ந்தது. தளவாய் பொழுது சாய்ந்துதான் வந்தார், இடுப்பு வரைக்கும் சேறோடு.