பருந்துப் பையன் எண்ணிய பத்து

நிதானமாகக் கேளுங்கள். இந்தப் புதிருக்கு விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது. அவசரக்காரர்கள் அதை மிதித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

வளசரவாக்கத்தில் ஒரு நான்கு மாடிக் குடியிருப்பில் சுகந்தி என்ற டப்பிங் கலைஞர் இருந்தாள். சின்னப் பையன்களுக்குக் குரல் கொடுப்பதில் கெட்டிக்காரி. குழந்தைகளுக்கென்று வந்த 'பருந்துப் பையன்' வீடியோ கேமில் அந்தப் பறக்கும் வீரனின் குரல் அவளுடையதுதான். அவள் மகன் நகுலனுக்கு ஆறு வயது. சோறு தண்ணீர் மறந்து அதையே விளையாடுவான். வீரனாகப் பேசுவது தன் அம்மா என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் பிள்ளையின் ஆசை விட்டுப்போகுமே என்று அவளும் சொல்லவில்லை.

பருந்துப் பையன் உயரமான இடத்தில் நின்று, நெஞ்சில் கை வைத்து, பத்துவரை எண்ணிவிட்டுக் குதிப்பான். குதித்தால் பறப்பான். பழைய போன்களில் அடுத்த காட்சி வந்து சேர நேரமாகும் என்பதால், கேமை உருவாக்கியவர்கள் ஒரு சமாளிப்பு செய்திருந்தார்கள். பத்து வருவதற்குள் வீரனின் குரல், "காற்று போதவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து" என்று சொல்லும். நகுலனிடம் இருந்தது அப்பா கழித்துப் போட்ட போன். ஒரு நாளைக்கு இருபது முறையாவது அதைக் கேட்டு, முனகிக்கொண்டே மறுபடி எண்ணுவான்.

வீரன் என்றால் வில்லன் இல்லாமலா? எதிரொலியான் என்று ஒருவன். பருந்துப் பையனின் குரல் ஒன்றைத் தவிர யார் குரலிலும் பேசுவான். ஏழாம் கட்டத்தில் அம்மாவின் குரலில் கூப்பிட்டு வீரனைத் தரைக்கு இறக்கப் பார்ப்பான். அது கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு, எண்ணிக்கையை விட்டுவிட்டு, அந்த நொடியே குதிக்கிற பிள்ளைக்குத்தான் வெற்றி. அந்த ஒரு வரியைப் பேச ஒலிப்பதிவுக் கூடத்தில் அன்று வேறு ஆள் இல்லை. அம்மா மாதிரி இயல்பாகச் சொன்னால் போதும் என்றார்கள். சுகந்திக்கு வீட்டுக்குக் கிளம்பும் அவசரம். தன் சொந்தக் குரலிலேயே, வீட்டில் தினமும் கூப்பிடுகிறபடியே, "கண்ணா, அம்மாகிட்ட வாடா" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். பக்கத்து வீட்டு ஹேமலதாவும் கூட வந்தாள். வாட்ச்மேன் ஆரோக்கியம் அங்கே குழாய் வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். சுகந்தி தற்செயலாக நிமிர்ந்தாள். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில், தெருவைப் பார்த்தபடி நகுலன் நின்றிருந்தான். கழுத்தில் சிவப்புத் துண்டு. சட்டைப் பையில் போன். அவனுக்குக் கீழே நான்கு மாடி, அதற்கும் கீழே சிமெண்டுத் தரை. சுகந்தியின் கையிலிருந்த துணி நழுவி விழுந்தது.

"கூப்பிடு சுகந்தி," என்று ஹேமலதா அவள் காதில் சொன்னாள். "அம்மா குரல் கேட்டா எந்தப் பிள்ளையும் இறங்கி வந்துடும்."

"யாரும் சத்தம் காட்டாதீங்கம்மா," என்று ஆரோக்கியம் கிசுகிசுத்தார். "நான் பின்பக்க ஏணியில ஏறிப் பிடிச்சுடறேன்."

சொன்னதோடு ஏணிக்கும் போய்விட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் முட்டி வலிக்காரர். அவர் மேலே போய்ச் சேர முப்பது வரையாவது எண்ண வேண்டும்.

நகுலன் நெஞ்சில் கை வைத்தான். "ஒண்ணு... ரெண்டு..."

சுகந்தி வாயைத் திறந்தாள். தன் குரல் தொண்டைவரை வந்ததும் ஏழாம் கட்டம் நினைவுக்கு வந்தது. பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அஞ்சு... ஆறு..."

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஹேமலதா சொன்னபடி கூப்பிடுவதா, ஆரோக்கியம் சொன்னபடி பேசாமல் நிற்பதா? இதில் யார் சொன்னது சரி? இரண்டும் சரியில்லை என்றால், சுகந்தி என்ன செய்திருப்பாள்?

விடை: இருவர் சொன்னதும் பிள்ளையைக் கொன்றிருக்கும். கூப்பிட்டிருந்தால் அந்த நொடியே குதித்திருப்பான். பேசாமல் நின்றிருந்தால் பத்தில் குதித்திருப்பான். சுகந்தி கொடியில் காய்ந்த போர்வைக்குப் பின்னால் மறைந்துகொண்டு, பருந்துப் பையனின் குரலில், "காற்று போதவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து" என்றாள். நகுலன் சட்டைப் பையை ஒரு முறை பார்த்தான், முனகினான், மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தான். நான்கு முறை அப்படிச் சொன்னாள், குரல் நடுங்காமல். நான்காவது முறைக்குப் பிறகு அவன் எண்ணிக்கொண்டிருக்கையில் ஆரோக்கியத்தின் கை அவன் இடுப்பை வளைத்துப் பிடித்தது. அவர் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியதும் சுகந்தி போர்வையை விலக்கிக்கொண்டு ஓடினாள். இனிப் பயமில்லை என்று, தன் சொந்தக் குரலில், "கண்ணா, அம்மாகிட்ட வாடா" என்றாள். நகுலன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஆரோக்கியத்தின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.