மெஷினு துப்புன காசு

சரி, காலை மடக்கு. ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன். ம் கொட்டிக்கிட்டே கேக்கணும். கொட்டலைன்னா நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன், இந்த அத்தையைத் தெரியும்லா?

ஒரு ஊர்ல ஒரு கோயிலு. கோயில்ல ஆளு உயரத்துக்கு ஒரு உண்டியல். மூணு மாசத்துக்கு ஒருக்கா அதைத் தொறப்பாவ. சில்லறையை எண்ண ஒரு மெஷினு உண்டு. மேல கொட்டுனா கடகடகடன்னு எண்ணி, ஒத்த ரூவாயை ஒரு பக்கம், அஞ்சு ரூவாயை ஒரு பக்கம் தள்ளும். தனக்கு ஆகாத காசை மட்டும் டிங்குன்னு வெளியே துப்பிரும்.

"ம்."

அந்த மெஷினைத் தொடைச்சு, அடியில சிக்குன காசைப் பொறுக்குறது உச்சிமாளியோட வேலை. அவ வீடு கோயிலுக்குப் பின்னால, ரெண்டாவது தெரு. ஒரே மகன், வெயிலுமுத்துன்னு பேரு. மலேசியாவுக்கு ஓட்டல் வேலைக்குப் போனான். போற அன்னிக்கு அவ என்ன செஞ்சா தெரியுமா? ஒரு மஞ்சத் துணியில ஒத்த ரூவாயை வச்சு, தன் சேலைக் கரையில செவப்பு நூலை உருவி, அதால இறுக்கிக் கட்டிக் குடுத்தா. "ஐயா, நல்லபடியா திரும்பி வா. ரெண்டு பேருமா சேர்ந்து போயி இதை உண்டியல்ல போடுவோம்"னா. "சரிம்மா"ன்னான் அவனும். ரெண்டு வருசம் போன் பேசுனான். அப்புறம் அதுவும் நின்னுபோச்சு.

அப்புறம் ஒரு தடவை உண்டியல் தொறந்தாவ. கடகடகட... சாயங்காலம் மெஷினு அடியில பாத்தா, ஒரு சட்டைப் பித்தானு, ஒரு நாலணா, இன்ன காசுன்னே தெரியாத காசு ஒண்ணு. எண்ணுறதை மேற்பாக்குற கோயில் ஆபீசர்ட்ட ஓடுனா. "சார், இது எந்த ஊரு காசு?"

"இலங்கைக் காசும்மா. இங்க ஒரு பேங்குலயும் வாங்க மாட்டான். அந்த டப்பால போடு."

"ம்."

அப்புறம் மறு தடவை. டிங்! "சார், இது?" "துபாய்." டப்பால போட்டா. ஆனா அன்னிக்கு ராத்திரி ரெண்டு வாய்ச் சோறு கூடவே தின்னா. இலங்கைக்குப் போனவன் வாரான், துபாய்க்குப் போனவன் வாரான், எம் மவன் மட்டும் வராமலா போயிருவான்னு நெனப்பு. கிறுக்கச்சி!

மூணாந்தடவை. சாக்கு சாக்காக் கொட்டுறாவ. குவியலுக்குள்ள ஒரு மஞ்சத் துணி. செவப்பு நூலு. அவ சேலை நூலேதான். பல்லால கடிச்சு அவுத்தா. அவ குடுத்த ஒத்த ரூவா இருந்துச்சு. கூடவே அவன் வச்ச மலேசியாக் காசு ஒண்ணு.

என்னட்டி, தூங்கிட்டியா?

"ம்... இல்லை."

அப்போ கேளு. உச்சிமாளி எந்திரிச்சு கோயில் வாசலுக்கு ஓடுனா. அங்ஙன முடி எடுக்குற வேம்பு இருந்தான். "வேம்பு, எம் மவனைப் பாத்தியா?"

"என்னக்கா, இப்பக் கேக்க? தை மாசம் வந்தான்லா, காருல, பொண்டாட்டி பிள்ளையோட. உம் பேரனுக்கு நாந்தான மொட்டை போட்டேன். அம்மாவைப் பாத்துட்டுத்தான் வாரோம்னான். ஏன், வீட்டுக்கு வரலையா?"

"வந்தான் வேம்பு, வந்தான். நாந்தான் மறந்துட்டேன்"னா அவ.

பாவிப்பய! ரெண்டாவது தெரு, நடந்தா ரெண்டு நிமிசம். சாமிக்கு நேர்ந்ததை மறக்காம செலுத்தத் தெரிஞ்சவனுக்கு, பெத்தவ வீட்டுக்கு வழி தெரியலையா? எனக்கு வயிறு எரியுதுட்டி.

அப்புறம் திரும்பி வந்து மெஷினு முன்னால நின்னா. ஒத்த ரூவாயைப் போட்டா, கடகடன்னு வாங்கிக்கிடுச்சு. மலேசியாக் காசைப் போட்டா, டிங்! எடுத்துப் போட்டா, டிங்! மறுபடியும் போட்டா, டிங்!

"உச்சிமாளி, மெஷினு கெட்டுப்போயிரும்மா"ன்னாரு ஆபீசர்.

"சார், இதை நான் வச்சிக்கிடட்டா?"

"உண்டியல்ல விழுந்தது சாமிக்குள்ளதும்மா. குடுக்க எனக்கு அதிகாரம் இல்லை."

"அப்போ இந்தத் துணி?"

"துணியை யாரு கேக்கா, எடுத்துக்கோ."

காசை டப்பால போட்டா. பொழுது சாய மெஷினை நிறுத்துனாவ. அவ அந்த மஞ்சத் துணியாலயே மெஷினை மேலயும் கீழயும் அழுத்தித் தொடைச்சா. தொடைச்சு முடிச்சு, கூட்டுன குப்பையோட அதையும் தள்ளிட்டா. அதுக்கப்புறம் அந்த மெஷினு எம்புட்டோ காசு துப்பிருச்சு. எந்த ஊரு காசுன்னு அவ ஒருக்கா கூடக் கேக்கலை.

"அவன் ஏன் அத்தை வீட்டுக்கு வரலை?"

எனக்கென்னட்டி தெரியும்? அவளுக்கே தெரியலை. கதையும் தீந்துச்சு, அத்தை வாயும் ஓஞ்சுச்சு. கண்ணை மூடு, தூங்கு.