வம்ச வரிசையில் நான்கு பெண்கள்

சிலுவைதாசனுக்குக் குடும்பப் பெருமை அதிகம். ஊர்க் கடற்கரையில் முதல் குருசடியை, சிலுவை நிற்கும் சிறு கோயிலை, கட்டியவர் அவருடைய பாட்டனார். தெருவின் அன்பியக் கூட்டத்தை இப்போது அவர்தான் நடத்துகிறார். தெருக்காரர்கள் வீடு மாற்றி வீடு கூடி அன்றைய நற்செய்தியை வாசித்துச் செபிப்பார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் தினமும் கூடுவார்கள்.

அருட்சகோதரி பெனடிக்டா அவரைவிட இளையவர். ஆனாலும் அவருக்கு விவிலியம் கற்றுக்கொடுத்தவர். காலைப் பூசை முடிந்ததும், "இன்னைக்கு வாசகத்துல எனக்கு என்ன இருக்கு சிஸ்டர்?" என்று சிலுவைதாசன் தினமும் அவரிடம் வந்து கேட்பார்.

அந்த டிசம்பர் காலையில் சலிப்போடு வந்தார்.

"இன்னைக்கு ஒண்ணும் இல்லையே. ஆபிரகாம்ல இருந்து சூசையப்பர் வரைக்கும் வெறும் பேராத்தானே இருக்கு."

"வம்ச வரிசை உங்களுக்குப் பிடிக்குமே, அண்ணாச்சி."

அவர் சிரித்தார்.

"சாயங்காலம் கூட்டம் யார் வீட்டுல?"

"எங்க வீட்டுலதான்."

"அட்லின் வருவாளா?"

சிரிப்பு நின்றது. மகள் அட்லின் கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்றிருந்தாள். ஏமாற்றியவன் ஊரைவிட்டே போய்விட்டான். அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அவளும் குழந்தையும் பின்னறையில்தான்.

"அவ உள்ளேயே இருப்பா. ஞானஸ்நானம்கூட வெளியூர்ல வச்சுக்கலாம்னு நினைக்கேன். எங்க குடும்பத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்லா."

சகோதரி விவிலியத்தை நீட்டினார். "இதுல வர்ற நாலு பாட்டிமார் பேரை மட்டும் வாசிங்க."

"தாமார்."

"யாரு அவ?"

"மாமனார் மூலமா பிள்ளை பெத்தவ."

"அடுத்து?"

"இராகாபு. எரிகோவுல விலைமகளா இருந்தவ."

"ம்."

"ரூத்து. வேற இனத்துக்காரி, கைம்பெண்." அவர் குரல் இறங்கியது. "அப்புறம் உரியாவோட மனைவி. தாவீது ராஜா அபகரிச்ச பொண்ணு."

"இது ஆண்டவரோட குடும்பம். சாயங்காலம் வாசிக்கும்போது யார் பேரை விடப்போறீங்க?"

அவர் விவிலியத்தை மூடிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மாலையில் வீடு நிறைந்திருந்தது. சகோதரியும் வந்திருந்தார். சிலுவைதாசன் எழுந்து நின்று வாசித்தார். ஒரு பெயரையும் விழுங்கவில்லை. தாமார் வந்தபோது குரலை உயர்த்தினார். இராகாபுக்கு இன்னும் உயர்த்தினார். முடித்ததும் நேராகப் போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தார்.

"வேண்டாம்ப்பா, ஆளுக இருக்காங்க" என்றாள் அட்லின்.

"அதுக்குத்தான் கூப்பிடுதேன், மக்கா."

குழந்தையை வாங்கிக்கொண்டு அவளை முன்னே நடக்கவிட்டார்.

"எல்லாரும் பாருங்க" என்றார் கூட்டத்திடம். "சிலுவைதாசன் மக அட்லின். அட்லின் மகன் இவன். ஞாயித்துக்கிழமை நம்ம கோயில்லதான் ஞானஸ்நானம். குடும்பத்தோட வரணும்."

பக்கத்து வீட்டு ஜெசிந்தா எழுந்துவந்து குழந்தையைக் கையில் வாங்கினாள்.

"தாத்தா மூக்கு அப்படியே இருக்கு."

சிலுவைதாசன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தோள்கள் தாமாக நிமிர்ந்தன.

மற்றவர்கள் போனபின் வாசலில் சகோதரியிடம் கேட்டார்.

"நாளைக்கு என்ன வாசகம் சிஸ்டர்?"

"கர்ப்பமா இருந்த மரியாளைக் கைவிட நினைச்ச சூசையப்பர், அவங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தது."

"அதையும் நானே வாசிக்கட்டுமா?"

"நீங்க அதை இன்னைக்கே வாசிச்சாச்சு. நாளைக்கு அட்லின் வாசிக்கட்டும்."