பூண்டுக் கிடங்கு நட்சத்திரம்

சவரிராயன் பெயிண்டருக்கு அறுபத்துமூன்று வயதில் ஒரு குரு வாய்த்தார். குருவுக்கு வயது முப்பத்தெட்டு. பெயர் அருள்மணி. மலையூரில் துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கும் பெண்மணி. பேச்சு குறைவு.

பெயிண்டரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. பூண்டுக் கிடங்கின் முகப்புச் சுவரில் அவர் தீட்டிய எட்டுமுனை நட்சத்திரம் கீழே மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே கண்ணில் படும். சிவப்பும் மஞ்சளும். அந்தப் பஸ் நிறுத்தத்துக்கே நட்சத்திரம் என்றுதான் பெயர். கண்டக்டர் அதைக் கூவும்போது கேட்பதற்காகவே இவர் பஸ் ஏறுகிறார் என்று ஊரில் கேலி உண்டு. பொய்யும் இல்லை.

மகள் ரெஜினாவுக்குச் சிம்லாவில் நர்ஸ் வேலை. வியாழக்கிழமை பயணம். அவளுக்காக அருள்மணி ஒரு போர்வை தைத்து, நடுவில் ஓர் அடிச் சதுரத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். அங்கே அப்பாவின் நட்சத்திரம் வரவேண்டும் என்பது மகளின் ஆசை. நானே தைப்பேன், வேறு கை படக்கூடாது என்றார் பெயிண்டர். அருள்மணியின் தையல்கூடத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து மெஷின் மிதிக்கக் கற்றுக்கொண்டார். ஊர் முழுக்கச் சொல்லியும் விட்டார்.

திங்கட்கிழமை சுவரை நூல்பிடித்து அளந்தார். ஓர் அடிக்குச் சுருக்கித் தாளில் வரைந்தார். கோட்டின்மேலேயே கத்தரியை ஓட்டித் துண்டுகளை வெட்டினார். தைத்து முடித்தால் பன்னிரண்டு அங்குலம் பத்தரை ஆகியிருந்தது.

துணி சுருங்கிவிட்டது என்றார். அருள்மணி தன் தையலைத் தொடர்ந்தார்.

செவ்வாய்க்கிழமை தன் தொழில் மூளையை எடுத்தார். சுவர் பெரிதானால் கட்டம் போட்டுப் படத்தையும் பெரிதாக்குவதில்லையா, அதே வேலைதான். பதினான்கு அங்குலத்துக்கு வரைந்து வெட்டித் தைத்தார். அளவு சரியாக வந்தது. ஆனால் எட்டு முனையும் மொண்ணை. பக்கத்து மெஷின்களில் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பெயிண்டரய்யா, பூசணிப்பூ நல்லா வந்திருக்கு" என்றாள் ஒருத்தி.

புதன்கிழமை காலையில் அவர் அருள்மணியின் மேஜைக்கு முன்னால் போய் நின்றார். குரலில் பழைய சத்தம் இல்லை.

"டீச்சரம்மா, செவுத்துல நிக்கிற நட்சத்திரம் துணியில ஏன் நிக்க மாட்டேங்குது?"

அருள்மணி ஒரு சிவப்புத் துண்டையும் ஒரு மஞ்சள் துண்டையும் எடுத்தார். மேஜைமேல் விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்தார். நடுவே மயிரிழை இடைவெளி இல்லை.

"சரியா இருக்கா?"

பெயிண்டர் குனிந்து பார்த்தார். நாற்பது வருஷம் கோடு பிடித்த கண்.

"சரியா இருக்கு."

"தூக்குங்க."

சிவப்பைத் தூக்கினார். மஞ்சள் மேஜையிலேயே கிடந்தது.

கையில் இருந்த சிவப்பையும் மேஜையில் கிடந்த மஞ்சளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தனக்குள் பேசுவதுபோலச் சொன்னார்.

"அங்க ரெண்டையும் செவுரு பிடிச்சிருந்துச்சு."

அருள்மணி சிவப்பை வாங்கி மஞ்சள்மேல் கவிழ்த்தார். ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளி ஒரு தையல் ஓட்டினார். விரித்து, பின்பக்கம் திருப்பி, பெயிண்டரின் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு நிறமும் ஒன்றையொன்று உள்ளே மடித்துப் பிடித்திருந்தன.

பெயிண்டர் புதிதாக வரைந்தார். ஒவ்வொரு துண்டுக்கும் எல்லாப் பக்கமும் தையலுக்குள் போவதற்கென்று கோட்டைத் தாண்டிக் கால் அங்குலம் விட்டார். யார் கண்ணிலும் படாத இடத்துக்கு இவ்வளவு துணியா என்று முனகினார். முனகிக்கொண்டே வெட்டினார். தைத்தார். இரண்டு இடத்தில் பிரித்துத் திரும்பத் தைத்தார்.

நாலு மணிக்கு எட்டு முனையும் ஊசியாய் நின்றன. நடுவில் வைத்துத் தைத்ததும் போர்வைக்கு முகம் வந்துவிட்டது. பூசணிப்பூ என்றவள் எழுந்து வந்து ஒவ்வொரு முனையாகத் தடவிப் பார்த்தாள். தனக்கும் ஒன்று வெட்டித் தரமுடியுமா என்று கேட்டாள்.

பார்க்கலாம் என்றார் பெயிண்டர். நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. இருந்தும் ஒன்று உறுத்தியது.

"டீச்சரம்மா, செவுத்துல இருந்தா ஊரே பாக்கும். சிம்லாவுல ஒரு ரூமுக்குள்ள இத யாரு பாப்பா?"

அருள்மணி போர்வையை நான்காக மடித்து அவர் தோளில் போட்டார்.

"செவுத்த யாரு போத்திக்குவா, பெயிண்டரய்யா?"