சீனியம்மாள் மாற்றிய சுருதி

கரிசல் பக்கத்துத் திருவிழா மேடைகளில் முன்னால் நின்று பாடிய முதல் பெண் சீனியம்மாள். அதற்கு முன்பெல்லாம் பெண்ணுக்கான பாட்டையும் சேலை கட்டிய ஆண்களே பாடிவிட்டுப் போனார்கள். அவர் குரல் கனத்த குரல். தூரத்து இடி மாதிரி இருக்கும் என்பார்கள்.

இப்போது அவருக்குப் பாட மூச்சு போதவில்லை. "இந்த வருஷம் என் பாட்டைத் தவமணி பாடுவா" என்று சொல்லிவிட்டார். தவமணி இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பல வருஷமாக அவருக்குப் பின்பாட்டுப் பாடி வருகிறவள். பாட்டு எடுபடாவிட்டால் இனிமேல் இந்தப் பாட்டுக் குழுவைக் கூப்பிட மாட்டோம் என்று விழாக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

விழா அன்று மேடைக்குப் பின்னால் தவமணி கண்ணை மூடி நின்றாள். உதடு மட்டும் அசைந்தது.

"சாமிகிட்ட என்ன கேட்ட?" என்றார் சீனியம்மாள்.

"உங்க குரல்ல பாதியாவது குடுன்னு கேட்டேன் அக்கா."

"தொண்டை ஏன் கரகரங்குது?"

"உங்களை மாதிரியே இறக்கிப் பாடிப் பழகுனேன். அடியில போனா சத்தமே வரல. இந்தக் குரல் வர எத்தனை வருஷம் ஆகும் அக்கா?"

சீனியம்மாள் நேராக ஆர்மோனியக்காரர் இருளாண்டியிடம் போனார்.

"அண்ணே, சுருதியை இவளுக்குத் தக்கபடி ஏத்தி வைங்க."

"நம்ம பெட்டி எப்பவும் ஆம்பளைக் குரலுக்கு வெச்ச தாழ்ந்த கட்டைதான் தாயி. நீயே இதுலதானே பாடுன? பாடுறவங்கதான் பெட்டிகிட்ட வரணும். பெட்டி யார் வீட்டுக்கும் போகாது."

"இன்னைக்குப் போகட்டும்."

"சுருதி ஏறுனா டோலக்கையும் மறுபடி முறுக்கணும். கூட்டம் சும்மா இருக்குமா?"

"அதை நான் பாத்துக்கிறேன்."

அவர் மேடையேறி மைக்கைப் பிடித்தார். "கொஞ்சம் பொறுத்துக்கோங்க சாமிகளா. பிள்ளைக்குச் சுருதி மாத்துறோம்."

"உனக்கு மாத்துனதே இல்லையே ஆத்தா! இவ என்ன மகாராணியா?" என்று ஒருவர் கத்தினார். கூட்டம் சிரித்தது.

"எனக்கு யாரு மாத்துனா? மாத்தச் சொன்னா, வீட்டுக்குப் போம்மான்னு சொல்லிருவாங்கன்னு பயம். தொண்டையை மாத்திக்கிட்டேன்."

சிரிப்பு நின்றது. அப்புறம் டோலக் முறுக்கும் சத்தம்தான் கேட்டது.

தவமணி நடவுப் பாட்டை எடுத்தாள். முதல் அடி கம்மியது. இரண்டாம் அடியில் குரல் தன் இடத்துக்கு வந்துவிட்டது. அப்புறம் அவள் யாரையும் பார்க்கவில்லை.

பின்வரிசைப் பெண்கள் மெல்லக் கூடவே பாடினார்கள். ஒருத்தி குலவை போட்டாள். அப்புறம் எல்லாரும். சீனியம்மாள் பாடிய காலமெல்லாம் அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தத் தாழ்ந்த சுருதிக்கு அவர்கள் குரல் எட்டியதில்லை.

பாட்டு முடிந்ததும் விழாக்காரர் ஓடிவந்து, "அடுத்த வருஷமும் நீங்கதாம்மா" என்றார்.

தவமணி இறங்கி வந்தாள். சீனியம்மாள் படியிலேயே உட்கார்ந்திருந்தார். முந்தானை நனைந்திருந்தது.

"அக்கா, தொண்டையை மாத்திக்கிறதுக்கு முன்னாடி உங்க குரல் எப்படி இருந்துச்சு?"

"எனக்கே மறந்துபோயிருந்துச்சு தவமணி," என்றார் சீனியம்மாள். "இப்பத்தான் கேட்டேன்."