ஏழு மணிக் கையெழுத்து

பெண்களுக்கான ஐந்து நாள் சைக்கிள் பந்தயத்தில் அது நான்காம் நாள், கொடைக்கானல் மலையேற்றம். மூன்று நாள் மொத்த நேரத்தில் ஆரோக்கியசெல்வி இரண்டாம் இடத்தில் இருந்தாள். ஆனால் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு, புறப்படும் இடத்துக்கு அவள் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது மணி ஏழு பத்து.

கொடியும் கையுமாக நின்ற பந்தயக் குழுத் தலைவர் குலசேகரன் அவளைத் தடுத்தார். "ஏழு மணிக்குக் கையெழுத்துப் போடாதவங்க ஓட்ட முடியாது. ஒரு நாள் ஓட்டலைன்னா மொத்தப் பந்தயமும் போச்சு. கிளம்பும்மா."

மற்றவர்கள் பெடலில் கால் வைத்துவிட்டார்கள்.

"கேட் மூடியிருந்துச்சு சார்."

"சாக்குச் சொல்லாதே. நானும் அந்த வழியாத்தான் வந்தேன். ஏழுக்கு டாண்ணு இங்க நிக்கலையா?"

அவள் அவரை நேராகப் பார்த்தாள். "அப்படின்னா உங்க காரை யாரோ திருடிட்டாங்க சார். ஏழு மணிக்கு அது கேட்டுல என் பின்னாடி நின்னு ஹாரன் அடிச்சுக்கிட்டிருந்துச்சு. போலீஸுக்குச் சொல்லவா?"

ஏழு மணியிலிருந்து அவர் வரும்வரை காத்திருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

தலைவர் யார் முகத்தையும் பார்க்காமல் கையெழுத்து நோட்டை நீட்டினார். அவசரத்தில் அவள் கையெழுத்து கோணலாக விழுந்தது. கொடி அசைந்ததும் முதல் ஆளாக மலைப்பாதையில் பாய்ந்தாள்.